மஸ்கட் மாமா

ஷீபாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அவள் பெட்டியைத் திறந்த அன்றே. ஆறு வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள் என்ன கொண்டுவருவாள்? சென்ட் பாட்டில், பெரிய பூப்போட்ட போர்வை, பிஸ்தா பாக்கெட், கழுத்துக்கு ஏதாவது. இவள் பெட்டியில் இருந்தது கறுப்புத் துணி. மேலே கறுப்பு, நடுவில் கறுப்பு, அடியிலும் கறுப்பு. ஓரத்தில் பொடி மணி நிறைந்த டப்பாக்கள். ஓரகத்தி என்ற மரியாதைக்கு எனக்கு ஒரு சோப்பு கொடுத்தாள். வாசனை சோப்புதான், அதைக் குறை சொல்லக் கூடாது.

நான் மேரி. பெருநகர் காலனியில் தாவீதின் பெண்சாதி. தாவீதின் தம்பி சாம்சன், சாம்சனின் பெண்சாதி ஷீபா. எனக்கு வாய் நீளம் என்று காலனியில் சொல்வார்கள். கண்ணும் காதும் அதைவிட நீளம், அதை யாரும் சொல்வதில்லை.

சாம்சன் உத்திரமேரூரில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அந்த இரண்டையும் வைத்தே ஊரில் நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்டான். ஷீபா கல்யாணத்துக்கு முன்பே காஞ்சிபுரத்தில் ஆரி வேலை கற்றவள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் கல்லும் வைத்துத் தைக்கிற வேலை அது. நம் பக்கத்தில் கல்யாண ஜாக்கெட்டுக்குச் செய்வார்கள். மஸ்கட்டுக்கு அவள் போனது வீட்டு வேலைக்கு. பாத்திரம் கழுவப் போனவள் திரும்பி வந்து முதலாளி ஆகிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆகத்தான் செய்தாள். ஊர்ப்பக்கம் ஏகாம்பரத்துக்கு ஒரு பழைய கோழி ஷெட் சும்மா கிடந்தது. அதை வாய்ப்பேச்சில் வாடகைக்கு எடுத்தாள். கழுவி, சுண்ணாம்பு அடித்து, சட்டங்களைப் போட்டு, காலனிப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். என் மகள் ஜெனிஃபரும் போனாள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தவள், போகட்டும் என்று விட்டேன். விட்டேனே தவிர, என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் நானும் போனேன்.

போய்ப் பார்த்தால் சட்டத்துக்குச் சட்டம் கறுப்புக் கைகள். சட்டைக்கு வெட்டுவோமே, அந்தக் கை. ஓரம் முழுக்க மணி வேலை. மூலையில் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தது.

"இது இன்னாடி, வெறும் கையா கீது? ஒடம்பு எங்க?" என்றேன்.

"ஒடம்பு மஸ்கட்ல கீதுக்கா" என்றாள், தலையைத் தூக்காமல்.

கையில் எடுத்ததைச் சட்டென்று கீழே வைத்தேன். அப்புறம்தான் விளக்கினாள். அந்த ஊர்ப் பெண்கள் மேலே போட்டுக்கொள்கிற கறுப்பு அங்கிக்குக் கை மட்டும் இங்கே தயாராகுமாம். பார்சலில் போகுமாம். அங்கே உடம்போடு சேர்த்துத் தைப்பார்களாம். அங்கிக்குப் பெயர் அபாயாவாம். டிரான்ஸ்ஃபார்மரில் மண்டை ஓடு போட்டு எழுதி வைத்திருப்பார்களே, அதே பெயர். பேரிலேயே இருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. எல்லோர் முன்னாலும் பேசவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடிக்குப் போனாள். நான் கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன். அவள் சிரித்துக்கொண்டே பேசுவது நன்றாகக் கேட்டது.

"ஐ... வா மாமா! ஐ... வா! வா மாமா!"

எனக்குக் கேட்டது இப்படித்தான். இன்றைக்கும் பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன். நடுநடுவே புரியாத பாஷை. ஆனால் அந்த 'வா'வும் அந்த 'மாமா'வும் பளிச்சென்று தமிழ். நம்மூரில் யாரை மாமா என்று கூப்பிடுவோம்? அம்மாவோடு பிறந்தவரை. இல்லையா, கட்டினவனை. மூன்றாவதாக ஒரு மாமா வேலையும் உண்டு, அதை நான் விளக்கத் தேவையில்லை. ஷீபாவுக்குத் தாய்மாமன் இல்லை. கட்டின சாம்சனை அவள் ஒருநாளும் மாமா என்று கூப்பிட்டதில்லை. 'இந்தாய்யா'தான். அப்படியானால் மஸ்கட்டில் இருந்துகொண்டு மத்தியானச் சோற்று வேளையில் வருகிற இந்த மாமா யார்?

அதற்கப்புறம் நான் நிறையக் கவனித்தேன். மணி டப்பா தீர்ந்தால் மாமா அனுப்புகிறார். புது டிசைன் மாமா அனுப்புகிறார். ஷீபாவே வாய் தவறி, "மாமா இத்த ஒத்துக்காது, பிரிச்சித் தைங்க" என்று பெண்களிடம் சொல்கிறாள். 'ஒத்துக்காது' என்று அஃறிணையில் பேசுகிறாளே, அவ்வளவு செல்லமா என்று என் வயிறு எரிந்தது.

இந்த நேரத்தில்தான் அக்ரிமென்ட் பேச்சு வந்தது. இதுவரை பார்சல் உத்திரமேரூரில் யாரோ ஒரு ஏஜென்ட் பேரில் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் சொந்தமாக அனுப்ப வேண்டும் என்றால் தொழிலைப் பதிய வேண்டும். பதிய ஷெட்டுக்கு வாடகை அக்ரிமென்ட் வேண்டும். அக்ரிமென்ட் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் தொழிலுக்கு முதலாளி. பாங்கியிலும் அவர், பார்சலிலும் அவர். ஷீபா தன் பேரில் வேண்டும் என்றாள். ஏகாம்பரம் முடியாது என்றுவிட்டார்.

"பொம்பள பேருக்கு நான் எய்தித் தர மாட்டேன். நாளிக்கு ஒண்ணுன்னா நான் யார் சட்டைய புடிக்கிறது? சாம்சன் பேருக்குப் போடு, இப்பவே கையெத்துப் போடறேன்."

"தொயில் என்துங்க. கையும் நான் தச்சது, ஆர்டரும் நான் புடிச்சது. அவரு பேரு இன்னாத்துக்கு?" என்று அவள் நின்றாள்.

காலனியே வாயைப் பிளந்தது. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒருத்தி எதற்குத் தன் பேரைக் கேட்கிறாள்? ஒரு நாள் கிளம்பிப் போவதற்குத்தானே? எனக்கு அப்படித்தான் தோன்றியது. சாம்சன் மட்டும், "அவ இஷ்டம்" என்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாவம், நல்லவன் என்று நானும் நினைத்தேன்.

என் பொறுமை போனது ஜெனிஃபரால். ஒருநாள் முருங்கை மரத்தடியில் ஷீபா பேசிக்கொண்டிருக்கும்போது என் மகள் பேர் காதில் விழுந்தது. "ஜெனிஃபர்... சுகுல்... ஜெனிஃபர்... ஐ வா மாமா." சுகுல் என்றால் என்ன சுகமோ, ஏசுவே! வயசுப் பெண்ணின் பேரை அந்த மாமாவிடம் எதற்குச் சொல்கிறாள்? நேராக உள்ளே போய் ஜெனிஃபரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் அழுதாள், கத்தினாள். கதவைச் சாத்திவிட்டு பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போனேன்.

சாம்சன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சாம்சா, மஸ்கட்ல ஒனக்கு மாமா யாருனா கீறாங்களா?"

"இன்னா அண்ணி, கலாய்க்கிறீங்களா?"

"நான் கலாய்க்கல. ஒம் பொண்டாட்டி தெனம் போன்ல வா மாமா, வா மாமான்னு கூப்டுகினு கீறா. இன்னிக்கி எம் பொண்ணு பேரும் அதுல வருது. நீ கேக்கிறியா, நான் கேக்கட்டா?"

டீயைக் கீழே ஊற்றினான். முகம் சிவந்துபோயிற்று. நேரே வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியைக் கேட்பான் என்று நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தவன், என்னைக் காலனி முனையில் இறக்கிவிட்டு, ஏகாம்பரத்தின் வீட்டுப் பக்கம் திருப்பினான். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் ஷெட்டில் கூடினோம். ஏகாம்பரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அக்ரிமென்ட், சாம்சன் பேர் அடித்து, சாட்சிக்கு ஷீபா கையெழுத்து மட்டும் பாக்கி என்று ரெடியாக இருந்தது. வேலை செய்கிற பெண்கள் சுவரோரம் நின்றார்கள். வீட்டில் அடைத்து வைத்திருந்த ஜெனிஃபரும் எப்படியோ வந்து நின்றாள். ஷீபா நடுவில்.

"இதுல நான் கையெத்துப் போட மாட்டேன். வாடகைய ஏத்திக்கோங்க, என் பேருக்குப் போடுங்க" என்றாள்.

சாம்சன் முன்னால் வந்தான். "மொதல்ல மாமா யாருன்னு சொல்லு. அப்பறமா பேர் பத்திப் பேசலாம்."

"எந்த மாமா?"

எனக்குத் தாங்கவில்லை. "எந்த மாமாவா? தெனம் மொருங்க மரத்தாண்ட நின்னுகினு ஐ வா, ஐ வான்னு கொஞ்சுறியே, அந்த மாமா! எம் பொண்ணு பேர சொல்லி சுகுல் கேட்டியே, அந்த மாமா!"

ஷீபா என்னைப் பார்த்தாள். சாம்சனைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், எனக்குச் செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. சிரித்துக்கொண்டே போனை எடுத்து வீடியோ போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினாள்.

போனில் ஒரு குண்டுப் பொம்பளை. தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஷீபா!" என்று கத்தினாள்.

"இவங்கதான் மாமா. பேரு ரய்யா" என்றாள் ஷீபா. "அங்க வேலைக்குப் போறவங்க வூட்டம்மாவ மாமான்னுதான் கூப்புடணும். வூட்டுக்காரரு பாபா. ஐவான்னா ஆமான்னு அர்த்தம். நான் ஆமாம்மா, ஆமாம்மான்னு சொல்லிக்கினு கீறேன். ஷுகுல்னா வேல. ஜெனிஃபர் வேல சுத்தமா கீதுன்னு சொன்னேன். போதுமாக்கா?"

ஜெனிஃபர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏகாம்பரம்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பொம்பளை என்றால் மட்டும் நம்பிவிடலாமா? மீன் கழுவுகிறவள் எல்லாம் யோக்கியமா?

அந்த ரய்யா கூட்டத்தைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டிருப்பாள் போல. ஷீபா ஏதோ சொன்னாள். ரய்யா மீனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஷீபா அதைத் தமிழில் சொன்னாள். அவள் பேசியது கொஞ்சம், இவள் சொன்னது நிறைய. நடுவில் இவள் சரக்கு எவ்வளவோ, யார் கண்டது. சொன்னது இதுதான். ரய்யா வீட்டு முன் அறையில் அபாயா தைத்து விற்க ஆரம்பித்தவள். கடை போடுகிற அளவுக்குத் தொழில் வந்தது. அந்த ஊர்ச் சட்டத்தில் பெண் தன் பேரில் கடை வைக்கலாம், ஒரு தடையும் இல்லை. ஆனால் அலுவலகத்துக்கு எல்லாம் பொம்பளை எதற்கு அலைய வேண்டும் என்று தம்பி ஓடியாடிப் பார்த்தான். பேரும் அவன் பேரிலேயே இருந்தது. கூடப் பிறந்தவன்தானே என்று ரய்யாவும் விட்டாள். கடை நன்றாக ஓடியது. ஒரு நாள் காலை வந்து பார்த்தால் வேறு பூட்டு. தம்பி தன் மச்சானைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான். தைத்து வைத்த துணியைக்கூட எடுக்க விடவில்லை. அப்புறம் பிள்ளை பெற்று வளர்த்து முடித்த வயசில் மறுபடி முன் அறையில் உட்கார்ந்து முதலில் இருந்து ஆரம்பித்தாளாம். இப்போது இருக்கிற கடை அவள் பேரில்.

"தம்பி கெட்டவனான்னு நான் கேட்டேன்" என்றாள் ஷீபா. "இல்ல, ரொம்ப நல்லவன்னு சொன்னாங்க. நல்லவன்றதாலதான் வுட்டேன்னாங்க."

ரய்யா மறுபடி மீனுக்குப் போய்விட்டாள். ஷீபா போனை அணைத்தாள்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். மாமா பொம்பளை. சந்தேகம் போயிற்று. இனி சாம்சன் அவள் பேருக்கே போடச் சொல்வான், வீட்டுக்குப் போகலாம் என்று முந்தானையை உதறினேன். சாம்சன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சரி. மாமா பொம்பளதான், ஒத்துக்கிறேன். இருந்தாலும் என் பேர்லயே இருக்கட்டும்."

"ஏன்?" என்றாள் ஷீபா.

"ஏன்னா இன்னா ஏன்? ஐயா சொல்றாரு. ஊரு இன்னா பேசும்? நான் இன்னா ஒன்ன ஏமாத்தப்போறனா?" என் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்களே சொல்லுங்க."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது பாருங்கள் கோபம்! நான் கொடுத்த காரணம் கண் முன்னால் செத்துக் கிடக்கிறது. இவன் கேட்டது மட்டும் அப்படியே உயிரோடு நிற்கிறது. அப்படியானால் மாமா யாராக இருந்தாலும் இவனுக்கு ஒன்றுதான். அன்றைக்கு வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் ஏகாம்பரம் வீட்டுக்கு ஏன் திருப்பினான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவனுக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. என் வாயை வாடகை இல்லாமல் எடுத்துக்கொண்டான்.

"நான் இன்னாத்த சொல்றது?" என்றேன். "ஒனக்கு ஆரி ஊசி எந்தப் பக்கம் குத்தும்னு தெரியுமாடா?"

"அண்ணி!"

"அண்ணிதான். தெரிஞ்சா சொல்லு, ஒம் பேருக்கே போட்டுடலாம்."

ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தார். "பொம்பளைங்க பஞ்சாயத்துக்கு நான் வர்ல. சாம்சன் பேருக்குன்னா ஷெட்டு. இல்லாட்டி காலி பண்ணிக்கினு சாவியக் குடுங்க."

எல்லோரும் ஷீபாவைப் பார்த்தார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் ஷெட்டு இருக்கும், வேலை இருக்கும், புருஷன் முகம் கொடுத்துப் பேசுவான். போடாவிட்டால் நாளைக்குச் சட்டத்தை எங்கே போடுவாள்? அவள் கண் கலங்கித்தான் இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இடுப்பில் இருந்து சாவியை எடுத்து ஏகாம்பரத்தின் நாற்காலி மேல் வைத்தாள்.

"ஏய், சட்டத்த தூக்குங்கடி" என்றாள் பெண்களிடம்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் ரோட்டில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. என் காலனி வீட்டு முன் அறை பெரிசு. அரசாங்கம் மனை கொடுத்தபோது காலனியில் எல்லாப் பட்டாவும் பெண்கள் பேரில்தான் வந்தது. என் வீடு மேரி பேரில் இருக்கிறது. அதை நான் யோசித்ததுகூடக் கிடையாது. அன்றைக்கு ரோட்டில் நின்றபோதுதான் யோசித்தேன்.

"இஸ்துகினு வாங்க எங்கூட்டுக்கு" என்றேன். "வாடகை உண்டு. சும்மா கெடயாது."

அக்ரிமென்ட் ஷீபா பேருக்குப் போட்டோம். எழுதிக் கொடுத்தது மேரி, எழுதி வாங்கியது ஷீபா. சாட்சிக் கையெழுத்துக்குக்கூட ஆம்பளை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஷீபா சிரித்துவிட்டு ஜெனிஃபரைக் கூப்பிட்டாள். என் முன் அறையில் இப்போது நடக்க வழி இல்லை. எங்கே பார்த்தாலும் கறுப்புக் கை. தினமும் பார்சல் கட்டும்போது நான் பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். மாமா போன் பண்ணினால் வீடியோவிலேயே பேச வைக்கிறேன். சாம்சன் வீட்டில் சாப்பிடுகிறான், தூங்குகிறான், ஷீபாவிடம் பேசுவதில்லை. பேசாமல் எத்தனை நாள் இருப்பான் என்று பார்க்கிறேன் என்கிறாள் அவள். ராத்திரி அழுகிறாளா என்று கேட்டேன், மணி டப்பாவைத் திறந்து எண்ண ஆரம்பித்தாள்.

போன வாரம் தாவீது நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லியைப் பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மேரி, நம்ம வூட்டு பட்டா எங்க கீது?"

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

ஜெனிஃபர் பிறப்பதற்கு முன்னால் இருந்து அந்த வீட்டில் இருக்கிறோம். சுவர் விரிந்தபோது கேட்டதில்லை. தளம் ஒழுகியபோது கேட்டதில்லை. பட்டா என்று ஒன்று இருப்பதே இந்த மனுஷனுக்குத் தெரியுமா என்று நினைத்திருந்தேன்.

"சாம்சன் வந்திருந்தானா?" என்றேன்.

"வந்தான். சும்மா பேசிக்கினு இருந்தோம்."

ஒரு சும்மாவையே நான் தாங்க மாட்டேன், இது இரண்டாவது சும்மா. இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். நல்ல மனுஷர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார்.

அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்தேன். முந்தானையில் மறைத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். ஷீபா தனியாகத்தான் இருந்தாள், மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

"இத்த ஒன்னாண்ட வச்சிக்கோ. ஒங்கூட்டுக்கு எட்த்துகினு போவாத. ஒங்கம்மா வூட்ல குட்த்து வை."

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "என்ன நம்பிக் குடுக்கிறியாக்கா?"

"அய்யே, நம்பிக்கையாம்! ஒன் மேலயும் எனக்குச் சந்தேகம்தான். அவுங்க மேல கீறத விட கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் முதலில் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.